காட்டுத்தீ அணைந்த பிறகு: வீட்டு விலங்குகளையும் வீட்டாரையும் மீட்டெடுப்பது எப்படி?

ஆனி பிறந்து கச்சான் காற்று வலுத்துவிட்டால், திருகோணமலையில் எங்காவது பற்றைக்காடு பற்றிக்கொண்ட செய்தி வரும். தீ வளவுகளுக்குள் இறங்கினால் எரிந்த வீடுகளையும் வேலிகளையும் தென்னைகளையும் கணக்கெடுப்பார்கள். அந்த வளவுகளில் நின்ற நாயும் பூனையும் ஆடும் கோழியும் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வளர்த்தவர்களுக்கோ அப்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. தீக்குத் தப்பி ஓடிவந்து, தண்ணீர் குடித்து, வாலையும் ஆட்டிய நாய் மூன்றாம் நாள் ஏன் செத்தது? உடம்பில் புண்ணே இல்லாத பூனை ஏன் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது? பத்து நாள் நன்றாக மேய்ந்த ஆடு இப்போது ஏன் நொண்டுகிறது?

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. காட்டுத்தீ விலங்குக்குச் செய்யும் கேட்டில் ஒரு பகுதிதான் தீயன்று கண்ணுக்குத் தெரியும். மற்றது மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் பிந்தி வரும். அப்படிப் பிந்தி வருவதில் பலவற்றைத் தண்ணீர், நிழல், கூர்ந்த கவனம், நேரத்தோடு மிருக வைத்தியரிடம் போவது ஆகிய நான்கினால் தடுக்கலாம். ஆனால் அந்தக் கவனத்தைக் கொடுக்க வேண்டிய வீட்டாரும் அதே தீயில் கலங்கிப்போனவர்கள். ஆகவே விலங்கை மீட்பதையும் குடும்பத்தை மீட்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துப் பார்ப்பது சரிவராது.

இங்கே எரியும் தீ எப்படிப்பட்டது?

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு மத்திய மலைநாட்டைத் தாண்டுகிறது. கிழக்கே இறங்கும்போது ஈரம் இழந்து, சூடேறி வருகிறது. இதைத்தான் கச்சான் என்கிறோம். திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவத்தில் கிடைக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் இலுக்குப் புல்லும் சருகும் பனங்காவோலையும் காய்ந்து தீக்குத் தயாராகக் கிடக்கும்.

இலங்கையில் காட்டுத்தீ தானாகப் பற்றுவது மிக அரிது. சேனைக்குக் காடெரிப்பது, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவது, வேட்டைக்குத் தீ வைப்பது, வளவுக் குப்பையை எரித்துவிட்டு அணைக்காமல் போவது ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். கலிபோர்னியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ மர உச்சிகளில் தாவிப் போகும் தீயைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். நம்முடைய உலர்வலயத் தீ பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டி ஓடுவது. இதை மேற்பரப்புத் தீ என்பார்கள். சுவாலை தாழ்வாக இருப்பதால் ‘சின்னத் தீதானே’ என்று தோன்றும். ஆனால் நாலு காலில் நடக்கும் உயிருக்கு அந்த உயரத்தில்தான் பாதமும் வயிறும் மடியும் மூக்கும் இருக்கின்றன. சுவாலை போன பின்னும் பனை அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே சாம்பல் மூடியிருப்பதால் அந்தக் குழி தெரியாது.

உடம்புக்குள் நடப்பது

முதலில் புகை. காய்ந்த புல்லும் மரமும் அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்க வேண்டிய ஈமோகுளோபினை அது பற்றிக்கொள்வதால், மூச்சு நடந்தாலும் உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காது. தள்ளாட்டம், மந்தம், மயக்கம் உடனே தெரியும் அடையாளங்கள். முரசு வழக்கத்தைவிடச் சிவந்து இருக்கக்கூடும். அதைப் பார்த்து ‘நல்ல நிறமாக இருக்கிறது’ என்று ஏமாந்துவிடக் கூடாது.

புகையின் இரண்டாவது வேலை மெதுவானது. சூடும் நுண்துகளும் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. வீக்கம் ஏற ஏற நுரையீரலுக்குள் நீர் கசிகிறது, அதன் மேல் பற்றீரியா தொற்றுகிறது. இதற்கு ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். மூன்றாம் நாள் செத்த நாயின் கதை பெரும்பாலும் இதுதான். அது தீயன்று நலமாக இருந்தது உண்மை, ஆனால் அதன் நுரையீரல் அன்றே காயப்பட்டிருந்தது.

அடுத்தது எரிகாயம். மயிருக்கு அடியில் இருப்பதால் முதல் நாள் சரியாகத் தெரியாது. ஆழமாக வெந்த தோல் சில நாட்கள் கழித்தே கறுத்து உரியும். பாதத்தின் மெத்தைத் தோல், காது நுனி, மூக்கு, கண்ணிமை ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஆடு மாடுகளில் குளம்பும் மடியும் காம்பும். குளம்புக்கும் உள்தசைக்கும் இடையிலுள்ள பிணைப்பு வெந்துபோனால், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் குளம்பு கழன்று வரக்கூடும். பத்து நாள் மேய்ந்து பிறகு நொண்டிய ஆட்டுக்கான விடை இது.

பூனைகளுக்கு இன்னொன்றும் உண்டு. 2017, 2018ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் எரிந்த, டப்ஸ், காம்ப் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீகளில் காயப்பட்ட 51 பூனைகளை டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் இதயத் தசை தடித்திருந்தது. சிலவற்றில் குருதி உறைந்து கட்டி உண்டாகியிருந்தது, வேறு சில அந்த ஆபத்தின் விளிம்பில் இருந்தன. தோல் ஆறிவிட்டது என்பதற்காகப் பூனை பிழைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது என்பதே இதன் பொருள். அப்படியொரு கட்டி குருதிக் குழாயை அடைத்து, பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து குளிர்ந்தால், வலியில் பூனை கத்தினால், அது ஒரு மணி நேரமும் பொறுக்க முடியாத அவசரம்.

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. விலங்கை நெருங்குமுன் தடித்த துவாய் அல்லது சாக்கைக் கையில் எடுங்கள். வலியில் இருக்கும் நாய் எசமானையும் கடிக்கும். மூச்சுத் திணறும் விலங்கின் வாயைக் கட்ட வேண்டாம்.

2. புகையில்லாத, காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுபோங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது.

3. வெந்த இடத்தில் மட்டும் கிணற்று நீரை அல்லது குழாய் நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். 20 நிமிடம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. இரண்டு வாளி நீரை மளமளவென்று கொட்டுவது இதற்கு ஈடாகாது. பூனைக்குட்டி போன்ற சிறிய உடம்பை முழுதாக நனைத்தால் குளிர்ந்துபோய் வேறு ஆபத்து வரும்.

4. கழுவிய பருத்தித் துணியை ஈரமாக்கித் தளர்வாக மூடுங்கள். பஞ்சு வைக்க வேண்டாம், புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

5. கண்ணில் சாம்பல் இருந்தால் சேலைன் நீரால் அல்லது கொதித்தாறிய நீரால் கழுவுங்கள்.

6. தண்ணீரைச் சிறிது சிறிதாக வையுங்கள். வாயில் ஊற்றிக் குடிக்கவைக்க முயன்றால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

7. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. பூனைக்கு அது இயல்பல்ல.

செய்யக் கூடாதவை

இதை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல மனத்தோடு கொடுத்த கைமருந்தால் விலங்குகள் சாகின்றன.

பனடோல் என்று நாம் சொல்லும் பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை என்றே சொல்லலாம். பெரியவர்களுக்கான ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும், பாதியும் ஆபத்து. முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். நாய்க்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. இபுபுரோபன் போன்ற மற்ற வலி மாத்திரைகள் இரண்டுக்குமே ஆகாது.

தேங்காயெண்ணெய், நெய், மஞ்சள் விழுது, பற்பசை எதையும் புதிய எரிகாயத்தில் பூச வேண்டாம். எண்ணெய் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். மஞ்சளும் பசையும் புண்ணை மறைத்துவிடும், பிறகு வைத்தியர் அதைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். விலங்கு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பனிக்கட்டி வைத்தால் குருதிக் குழாய் சுருங்கித் தோல் இன்னும் கெடும்.

மீன் தோல் பற்றியும் ஒரு சொல். 2017 மார்கழியில் கலிபோர்னியாவில் தொடங்கிய தோமஸ் என்ற காட்டுத்தீயில் பாதம் வெந்த இரண்டு கரடிகளுக்கும் ஓர் இளம் மலைச் சிங்கத்துக்கும் திலாப்பியா மீன் தோலைக் கட்டிக் கலிபோர்னிய வைத்தியர்கள் குணப்படுத்தினார்கள். அந்தப் படங்கள் இன்னும் கைபேசிகளில் சுற்றுகின்றன. கந்தளாயிலும் குளத்துத் திலாப்பியா கிடைக்கிறதே என்று யாரும் முயன்றுவிடக் கூடாது. அவர்கள் பாவித்தது கிருமி நீக்கிய தோல். சந்தை மீனின் தோலைப் புண்ணில் வைத்தால் தொற்றைக் கையால் ஊட்டியதாகும்.

மூச்சை எண்ணும் கொப்பி

பிந்தி வரும் நுரையீரல் பாதிப்பைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. விலங்கு நிழலில் உறங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் போதும். நாயும் பூனையும் உறக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் குறைவாகவே மூச்சு விடும். எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டு போனாலோ 40ஐத் தாண்டினாலோ காத்திருக்க வேண்டாம். காலை, பகல், இரவு என்று குறைந்தது மூன்று நாள் எண்ணிக் கொப்பியில் குறித்து வைத்திருந்தால், வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்த எண்ணும் வேலையை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இதைச் சரியாகச் செய்யும். தீக்குப் பிறகு பிள்ளைகளை அதிகம் உலுக்குவது தங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். தன் நாய்க்காகத் தானே செய்யக்கூடிய, உண்மையாகவே பயனுள்ள ஒரு வேலை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஒப்புக்கு ஒரு வேலை கொடுத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். இது அப்படியல்ல.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நாட்கணக்கில் பட்டினி கிடந்து வந்த விலங்குக்கு வயிறு நிறைய ஒரேயடியாக வைக்கக் கூடாது. சிறிய அளவில் பலமுறை கொடுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால் ஈரலில் கொழுப்பு தேங்கத் தொடங்கும், அதற்குத் தனி வைத்தியம் தேவை.

கோழி, புறா, கிளி ஆகியவற்றின் மூச்சு உறுப்புகள் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்தவை. புகை அவற்றை நாயைவிட விரைவாகக் கொல்லும். கூட்டைப் புகையிலிருந்து தூர வைப்பதைத் தவிர வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை.

வளவுக்குத் திரும்புமுன்

வீட்டார் முதலில் போய்ப் பார்க்க வேண்டும், விலங்குகளை அவிழ்த்துவிடுவது பிறகு. பார்க்க வேண்டியவை:

1. பனை, தென்னை அடிக்கட்டைகளைச் சுற்றி நீண்ட தடியால் குத்திப் பாருங்கள். புகையோ சூடோ வந்தால் நீர் ஊற்றி, கிண்டி, மறுபடி ஊற்றுங்கள்.

2. மரச் சாம்பல் நீரில் கரைந்தால் காரமாகும். ஈரச் சாம்பலில் நடந்த பாதம் வெந்துபோகும், அதை நக்கும் நாக்கும் வெந்துபோகும். ஒவ்வொரு முறையும் பாதத்தைக் கழுவித் துடையுங்கள்.

3. அஸ்பெஸ்ரஸ் கூரை சூட்டில் வெடித்துச் சிதறியிருக்கும். அந்தத் துண்டுகளையும் தூசையும் நனைக்காமல் கூட்டக் கூடாது. ஆணி, கண்ணாடி, உருகிய பற்றரி கிடக்கும் இடங்களை வேலியிட்டு மறித்துவிடுங்கள்.

4. காடு எரிந்தால் புடையனும் நாகமும் இடம்பெயர்ந்து எரியாத கற்குவியல், ஓட்டுக் குவியல், மாட்டுக் கொட்டில் பக்கம் ஒதுங்கும். நாய் ஓரிடத்தைப் பார்த்து விடாமல் குரைத்தால் அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம்.

5. சாம்பல் விழுந்த கிணற்று நீரை விலங்குக்கும் கொடுக்காதீர்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

காணாமல் போன விலங்கைத் தேடுவது

நாய் பயத்தில் தூரம் ஓடும். வழியில் வேறு ஊர் நாய்கள் துரத்த இன்னும் தூரம் போகும். தம்பலகாமத்தில் காணாமல் போன நாயைக் கிண்ணியா வீதியோரத்திலும் விசாரிக்க வேண்டிவரும். பூனை பெரும்பாலும் கிட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். மதகுக்குள், பாலத்தடியில், விறகுக் குவியலுக்குள், கூரை மூலையில். கூப்பிட்டாலும் பதில் தராது, பயந்த பூனைக்கு மௌனமே பாதுகாப்பு. ஆள் நடமாட்டம் அடங்கிய விடியலிலும் இருட்டும் நேரத்திலும் போய், வழக்கமான சாப்பாட்டையும் வீட்டார் உடுத்த துணியையும் வைத்துவிட்டு, சற்று விலகி நில்லுங்கள். 2018 கார்த்திகையில் கலிபோர்னியாவின் பரடைஸ் நகரை அழித்து 85 பேரைக் கொன்ற காம்ப் தீக்குப் பிறகு, வாரங்களும் மாதங்களும் கழித்துப் பூனைகள் உயிரோடு கிடைத்தன. ஒரு வாரத்தில் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

படம், நிறம், காதுமடல் வடிவம், பழைய தழும்பு ஆகியவற்றை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போடும்போது ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்திருங்கள். உரிமை கோருபவர் உண்மையானவரா என்று அதைக் கேட்டு அறியலாம்.

சிதறிய நாய்கள் ஒன்றோடொன்று கடிபடும் இந்த நாட்களில் விசர்நாய்க்கடி ஆபத்து கூடுகிறது. தீயில் காயப்பட்ட விலங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, தெரிந்த விலங்குதானே என்று விடக் கூடாது. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர் முற்றிய பின் அதற்கு வைத்தியம் இல்லை, முற்றுமுன் போட்ட தடுப்பூசி காப்பாற்றும்.

வீட்டாரின் மனம்

‘மனிசர் தப்பினதே பெரிய காரியம், நாய்க்கு அழுகிறீர்களா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்லும் எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்டவுடன் அழுதவர் வாயை மூடிக்கொள்கிறார், துயரம் உள்ளே போய்விடுகிறது. தனியாக வாழும் முதியவருக்கு நாள் முழுதும் பேச்சுத் துணையாக இருந்தது அந்த நாய்தான் என்றால், அவர் இழந்தது வீட்டு ஆளைத்தான்.

பிணம் கிடைத்த துயரத்தைவிடக் கடினமானது, என்ன ஆனது என்றே தெரியாத துயரம். அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று வரையறுத்தார். முடிவு தெரியாததால் மனம் அழவும் முடியாமல் நம்பவும் முடியாமல் நிற்கிறது என்பது அவருடைய விளக்கம். 2004 மார்கழியில் கடலையும் 2006இல் மூதூர், சம்பூர் இடப்பெயர்வையும் கண்ட மாவட்டம் இது. காணாமல் போனவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரு பூனைக்காகக் காத்திருப்பதை அந்தக் காத்திருப்போடு எவரும் ஒப்பிடப் போவதில்லை. ஆனால் புகை மணமும் ஓட்டமும் படலையடியில் காத்து நிற்பதும் பழைய நினைவுகளைக் கிளறிவிடும். பெரியவர் ஒருவர் நாயைப் பற்றி அளவுக்கு மீறிக் கலங்குவதாகத் தெரிந்தால், அவர் நாயை மட்டும் நினைத்து அழவில்லை என்பதைப் பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டாம். ‘ஓடிப்போய்விட்டது, வரும்’ என்றால் அது நாள்தோறும் படலையைப் பார்க்கும். செத்துவிட்டது தெரிந்தால் செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது, தேடுகிறோம் என்று சொல்லுங்கள். புதைக்கும்போது பிள்ளை நிற்க விரும்பினால் நிற்கட்டும். ‘வேறு குட்டி வாங்கித் தருகிறேன்’ என்பதை உடனே சொல்ல வேண்டாம். மீட்க முடியாத வேதனையில் இருக்கும் விலங்கை ஊசி போட்டு உறங்கவைக்க வைத்தியர் சொன்னால், அந்த முடிவைப் பெரியவர்கள் எடுக்க வேண்டும். பிள்ளையைத் தீர்ப்புச் சொல்ல வைக்கக் கூடாது.

ஆட்டையும் கோழியையும் இந்தக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது. பெயர் வைத்து வளர்த்த ஆடுதான் பள்ளிச் செலவுக்கு விற்கவிருந்த ஆடும். அந்த வீட்டில் ஓர் இழப்பு இரண்டு இடத்தில் வலிக்கிறது.

அரசும் முகாமும்

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் காட்டுத்தீயையும் அனர்த்தங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையத்தின் அவசர இலக்கம் 117. செத்த கால்நடையைப் புதைக்குமுன் படம் எடுத்து, காதுப்பட்டி இருந்தால் அதன் இலக்கத்தைக் குறித்து, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேசத்தின் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். எழுத்தில் இல்லாத இழப்பு பின்னர் எந்த மேசையிலும் இழப்பாக நிற்காது. புதைகுழி ஆழமாகவும் கிணற்றிலிருந்து தூரமாகவும் இருக்கட்டும். கடினமான காயங்களுக்கு மிருக வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். அது கண்டிப் பக்கம், நீண்ட பயணம். போகுமுன் வலியைத் தணிக்கும் மருந்தை இங்கேயே போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நலன்புரி நிலையம் திறக்கும்போது, விலங்குக்கு அங்கே இடம் உண்டா என்று பெரும்பாலும் எவரும் யோசிப்பதில்லை. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது நாயை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று பலர் அமெரிக்காவில் வெள்ளத்துக்குள்ளேயே தங்கினார்கள். அதன் விளைவாக, அவசரத் திட்டங்களில் வீட்டு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006இல் அங்கே சட்டமே வந்தது. இங்கே அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பள்ளி மைதானத்தின் காற்றுக்கு எதிர்மூலையில் ஒரு கூடாரம், கட்டுவதற்குக் கயிறு, தனித் தண்ணீர்ப் பீப்பாய், நாயும் பூனையும் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் ஒரு கிடுகுத் தட்டி. பிரதேச செயலக மட்டத்துத் திட்டத்தில் இந்த நாலு பொருளையும் எழுதிவைத்தால், எரியும் வளவுக்குள் விலங்கைத் தேடி ஆட்கள் திரும்பி ஓடுவது குறையும். மனித உயிர் பற்றி மட்டும் கவலைப்படும் அதிகாரிக்கும் இந்தக் காரணம் போதுமானது.

முதல் மழை வரும்போது

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மேட்டில் கிடந்த சாம்பல் குளத்துக்கும் கட்டில்லாத கிணற்றுக்கும் ஓடிவரும். மண்ணைப் பிடித்துவைத்த புல் எரிந்துபோனதால் சேறும் கூடவே வரும். அதே நாட்களில் எலிக்காய்ச்சலும் தலைகாட்டும். நாய்க்கும் அது தொற்றும், நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் பரவும். ஆகவே புரட்டாதி முடியுமுன் எலிக்காய்ச்சல், விசர்நாய்க்கடித் தடுப்பூசிகளைப் பற்றி மிருக வைத்தியரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். கிணற்றைச் சுற்றி வரப்புக் கட்டுங்கள். ஆட்டையும் மாட்டையும் முதல் சில மழைகளுக்குத் தாழ்நிலக் குட்டைகளில் குடிக்க விடாமல் பட்டியில் வைத்தே தண்ணீர் காட்டுங்கள்.